வழி விட்டே பெயிலான தவமணி அக்கா

லண்டன் இல்ஃபோர்ட்டில் நம் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்கிய முதல் தமிழ்ப் பெண் இன்ஸ்ட்ரக்டர் நான்தான். எனக்கு முன்னால் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும். தொண்ணூறுகளில் ஒருவரும் வந்து சொல்லவில்லை. "பொம்பிளை பழக்கி ஆர் பாஸ் பண்ணுறது?" என்று சிரித்த அண்ணைமாரே பிறகு தங்கள் மனைவிமாரை என்னிடம் அனுப்பினார்கள். ஆண் இன்ஸ்ட்ரக்டரோடு தனியே அனுப்ப அவர்களுக்கு மனம் வராது. எனக்கு அது நல்ல வியாபாரம்.

தவமணி அக்கா என்னைவிட மூத்தவர். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸ் இருந்தால்தான் வேலை. இரண்டு டெஸ்ட் பெயில். மூன்றாவதும் போனால் வேலை வேறு ஆளுக்கு. கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் திறம். சந்தியில் வட்டமாகச் சுற்றிப் போகும் ரவுண்டபௌட்டில் மட்டும், இடைவெளி கிடைத்தாலும் நின்றுவிடுவார்.

"போங்கோ அக்கா, றோட்டு வெறுமையாக் கிடக்கு."

"அங்கை காரிலை ஒருத்தர் வாறார், தங்கச்சி. வயசானவர். அவர் முதல் போகட்டும்."

"அவர் இன்னும் அடுத்த தெருவிலை நிக்கிறார்!"

பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். அக்கா அவர்களுக்கும் கைகாட்டி மன்னிப்புக் கேட்பார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகே சாப்பிட்டுப் பழகியவர், றோட்டிலும் அதே ஒழுங்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை மனோர் பார்க் கோயிலில் அன்னதானம். அக்கா கொதிக்கும் சாம்பார் வாளியோடு சமையலறையிலிருந்து வந்தார். "தள்ளுங்கோ, சூடு வருது!" டாக்டர், தர்மகர்த்தா, அக்காவின் கணவர், எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். எனக்கு உடனே பிடிபட்டது.

மறுநாள் அதே ரவுண்டபௌட்டில் கேட்டேன். "அக்கா, பின் சீற்றிலை சாம்பார் வாளி. சனம் பந்தியிலை காத்திருக்கு. இடைவெளியும் கிடைச்சிட்டுது. நிப்பியளோ?"

"ஏன் நிக்கிறன்? ஆறிப்போமெல்லோ!"

கார் போய்விட்டது.

இன்று புதிதாக இன்ஸ்ட்ரக்டராக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பயத்தில் நிற்பவரையும் மரியாதைக்காக நிற்பவரையும் ஒன்றாக நினைக்காதீர்கள். முதலாமவரிடம் நமக்குப் பொறுமை வேண்டும். மற்றவருக்கு, இது உங்கள் முறை என்று ஒருவர் சொல்ல வேண்டும்.

மூன்றாவது டெஸ்ட்டில் அக்கா பாஸ். கணவர் தங்கள் சொந்தக் காரில் வந்து காத்திருந்தார்.

"பாஸோ? நல்லது, ஏறும். வீட்டடியிலை ஓடத் தாறன்."

"இல்லையப்பா. மற்றப் பக்கம் போங்கோ. நான் ஓடுறன்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவர் இறங்கிச் சுற்றிப் போய் ஏறினார். அந்தப் பக்கத்து சீட் பெல்ட் எங்கே கிடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அக்காதான் எட்டி எடுத்துக் கொடுத்தார்.