ஊளையிட்ட காரில் ஆஸ்பத்திரிக்கு

1992 ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. என் மனைவிக்கு எட்டாம் மாதம். கால் வீங்கி இரத்த அழுத்தமும் ஏறியிருந்ததால், அன்று மதியத்துக்கு முன் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். புத்தூரிலிருந்து ஒன்பது மைலுக்கு மேல். கனடாவுக்குப் போன மைத்துனர் விட்டுச்சென்ற பழைய ஜப்பான் கார் எங்களிடம் இருந்தது. பெற்றோலுக்குத் தடை இருந்ததால், சேலைன் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் சில துளி விட்டு அதை ஸ்ரார்ட் செய்வோம். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும்.

அதற்கு இரண்டு நாள் முன், செவ்வாய்க்கிழமை காலை, கார் கத்தத் தொடங்கியது. முதலில் முனகல், வேகம் கூடினால் நீண்ட ஊளை. சந்தியிலிருந்த மெக்கானிக், நீளமான திருப்புளியின் பிடியைத் தன் காதில் வைத்து, நுனியால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் கேட்டார்.

"ஏசியின்ரை கொம்பிரசர். புல்லி பெயாரிங் போட்டுது."

"ஏசியை நாங்கள் பாவிக்கிறதே இல்லையே, அண்ணை."

"பாவிக்காட்டிலும் புல்லி சுத்தும். தண்ணிப் பம்புக்கும் இதுக்கும் ஒரே பெல்ட். கழட்டினால் எஞ்சின் கொதிக்கும்."

"இந்தப் புல்லியை விட்டிட்டுக் கட்டையான பெல்ட் ஒண்டு போடேலாதோ?"

"போடலாம். கொழும்பிலை கிடக்கு. போய் வாங்கிக்கொண்டு வாறீரோ?"

கிறீஸும் கிடைக்கவில்லை. புதன்கிழமை பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, விளக்கெண்ணெயில் மெழுகைக் காய்ச்சி அப்பினார். பின்னேரம் முழுவதும் கார் வாய் திறக்கவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். இரண்டாவது மைலில் மெழுகு உருகியிருக்க வேண்டும்; ஊளை முன்னையதைவிடப் பெரிதாகக் கிளம்பியது.

அந்த நாட்களில் வீதியில் போகும் எல்லோருடைய காதும் வானத்தில்தான் இருக்கும். குண்டு போட வரும் பொம்பர் விமானம் காருக்குள் இருப்பவனுக்குக் கேட்காது. அதனால் முன்னால் போகும் சைக்கிள்காரர்களைப் பார்த்தே ஓட்டுவோம். அவர்கள் அண்ணாந்தால் வேகத்தைக் குறைப்போம். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினால் நாங்களும் இறங்கி ஓடுவோம்.

நீர்வேலியில் இரண்டு பேர் சைக்கிள்களை எறிந்துவிட்டு வாழைத் தோட்டத்துக்குள் பாய்ந்தார்கள். எஞ்சினை நிறுத்தி, மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கி, ஒரு மதிலோரம் குந்தினோம். இருபது நிமிடம். ஒன்றும் வரவில்லை. பெற்றோல் விட்டு மறுபடி ஸ்ரார்ட் செய்தேன். கோப்பாய்க்குக் கிட்ட, கடை வாசலில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசை முழுவதும் அப்படியே நிலத்தில் விழுந்தது. நாங்களும் எஞ்சினை நிறுத்தி இறங்கிப் படுத்தோம். அவளால் குப்புறப் படுக்க முடியாது; பக்கவாட்டில் சரிந்து, வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.

வாய்க்காலுக்குள்ளிருந்து நெஞ்சு வரை சேறோடு ஒருவர் எழும்பினார்.

"ஐயா, உங்கடை கார்தானே கூவிக்கொண்டு வந்தது? நீங்கள் ஏன் படுக்கிறியள்?"

"நீங்கள் படுத்தனீங்கள். அதுதான் நாங்களும்..."

"நாங்கள் உங்களுக்குத்தான் படுத்தனாங்கள்!"

வரிசை முழுவதும் சிரித்தது. "பொம்பர் ஓட்டுறவரே நிலத்திலை கிடக்கிறார்" என்றார் ஒருவர். என் மனைவியும் மண்ணைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். நீர்வேலியிலும் இதுதான் நடந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

போத்தலில் கடைசித் துளிகள்தான் மிச்சம். அவற்றையும் விட்டேன். எஞ்சின் இருமி நின்றது. சிரித்தவர்களே வந்து இரண்டு தரம் தள்ளினார்கள், எழும்பவில்லை. பத்தரை தாண்டிவிட்டது. "தலை இடிக்குது" என்றாள் அவள்.

சேற்று மனிதர் தன் சைக்கிளை நிமிர்த்தினார். "தங்கச்சி, கரியரிலை ஏறுங்கோ. நான் மெல்லமாக் கொண்டுபோய் விடுறன். ஐயா, நீங்கள் காரை ஓரமாத் தள்ளிப்போட்டு வாங்கோ, பின்னாலை ஆரும் ஏத்திக்கொண்டு வருவினம்."

அவள் என்னைப் பார்த்தாள். முன்பின் தெரியாத மனிதர், குண்டும் குழியுமான வீதி, அந்த வயிறு. வேறு எதைச் சொல்வது?

"கவனமாப் பிடிச்சுக்கொண்டு இரும்" என்றேன்.

காரை ஓரமாக்கி, கதவைப் பூட்டக் குனிந்தபோதுதான் பின் இருக்கையில் அவளுடைய பையைக் கண்டேன். மாற்றுச் சேலை, குழந்தைக்குத் தைத்த துணிகள், கிளினிக் அட்டை. அவளுடைய இரத்த அழுத்தம் எப்படி ஏறி வந்தது என்பது அந்த அட்டையில் மட்டுமே இருந்தது. கூப்பிட்டேன்; அவர்கள் வளைவைத் தாண்டிவிட்டார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிக் கையை நீட்டினேன். எல்லாக் கரியரிலும் ஏற்கெனவே யாரோ இருந்தார்கள்.