முனுசாமிக்காக எழுதிய மூன்று மனுக்கள்

மனு எழுதுகிறவனுக்கு எழுதும்போது பயமில்லை. எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரும்வரைதான் பயம். பிறர் பிழைப்பைப் பேனாவில் சுமந்தவர்களே, உங்களுக்கு அது தெரியும். யுத்த காலத்தில் பூந்தமல்லித் தாலுகாக் கச்சேரி வாசலில் உட்கார்ந்து நான் மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷக் காய்ச்சல்

திருவேற்காட்டு முனுசாமி, வாய்க்கால் தகராறில் பண்ணைக் காரியஸ்தர் ஒருவரின் கையை உடைத்து, இரண்டு வருஷம் ஜெயிலில் இருந்து வந்தவன். அங்கே தச்சு வேலை கற்றிருந்தான். வேலையில்லாமல் திரிந்தால் சந்தேகக் கேஸில் மறுபடி உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று நடுங்கினான். வேலை கேட்கும் மனுவில் அந்த இரண்டு வருஷத்தை மறைக்க, 'காய்ச்சலில் படுத்திருந்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

மரக்கடை முதலாளி அவன் திரண்ட தோளைப் பார்த்துச் சிரித்து, துரத்திவிட்டார். திரும்பி வந்தவன் சொன்னான்: "நான் பண்ண தப்புக்கு நான் போய் வந்துட்டேன். என் ஒடம்ப ஏன் ரைட்டரே பொய் சாட்சி சொல்ல வெச்சீங்க?"

முதல் வரியில் ஜெயில்

வெட்கத்தில் அடுத்த மனுவை 'நான் ஜெயிலுக்குப் போனவன்' என்றே தொடங்கினேன். அம்பத்தூர் அரிசி மில்லில் அதை வாங்கியவர் இரண்டாம் வரிக்கே போகவில்லையாம். மறுநாள் முனுசாமி வரவில்லை.

அவன் மனைவி எல்லம்மாள்தான் வந்தாள். காகிதத்தை என் முன்னால் விரித்தாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா ஜெயில முன்னால நிறுத்திகினு ஆள பின்னால ஒளிச்சா, யாருக்கு சாமி ஆள் தெரிவான்?"

உடைந்த கை

மூன்றாவது மனுவில் அவன் செய்யத் தெரிந்த கதவு, பெட்டி, நாற்காலி எல்லாம் மேலே. எங்கே கற்றான், ஏன் போனான் என்பது கீழே ஒரே வரி. நற்சாட்சிக்கு ஆள் வேண்டுமே? வேறு வழியில்லாமல் காட்டுப்பாக்கத்தில் அந்தக் காரியஸ்தரிடமே போனோம். முனுசாமி வாசல் தாண்டவில்லை. நின்ற இடத்திலேயே அழுதான்.

அவர் மனுவை வாங்கிப் படித்தார். பிறகு, மடங்காத இடக்கையால் காகிதத்தை அழுத்திக்கொண்டு எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: "இவன் என்னை அடித்தது நிஜம். பத்து வருஷம் என் களத்தில் நெல் அளந்தான். ஒரு படி குறைந்ததில்லை. அதுவும் நிஜம்."

ஆவடியில்

பட்டாளத்துக்குப் பெட்டி செய்து கொடுக்கும் காண்டிராக்டர் கடைசி வரிவரை வாசித்தார். மறுபடி மேலிருந்து வாசித்தார். முனுசாமிக்குப் பின்னால் நானும் நின்றேன்.

"இன்னும் கோவம் வருமா?"

"வருது சாமி. உளியக் கீழ வெச்சுட்டு ஒரு நடை நடந்துட்டு வருவேன்."

அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நடக்க இங்க நெறைய எடம் கீது. காலையில வா."

ஒருவனுடைய இரண்டு வருஷத்தை ஒரே வரியில் அடக்க, எழுத்தையே தொழிலாகக் கொண்ட எனக்கு மூன்று மனு பிடித்தது; அதிலும் வேலை வாங்கிக் கொடுத்த வரி நான் எழுதியதல்ல.