விரால் முறித்த முள்

எங்கள் குழந்தை இறந்தே பிறந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில், நான் காசார்வாடிப் பட்டறை ஒன்றில் இரும்புச் சாமான்களை உலையில் காய்ச்சி உறுதியாக்கும் வேலையில் இருந்த சமயம். நான் அழவில்லை. மூன்றாம் நாளே ஷிஃப்டுக்குப் போய்விட்டேன். என்ன தைரியம் என்று பட்டறையில் மெச்சினார்கள். நானும் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன், மடையன்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள், சாதம் போட்டபடியே மனைவி சொன்னாள். "வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துட்டேங்க. அம்மா வூட்டுக்குப் போறேன்."

எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. திரும்பி வர மாட்டாள் என்று தெரிந்தது. "சரி" என்றேன். உள்ளே ஏதாவது கலங்குகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஆபரேஷன் ஆனதிலிருந்தே, எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான் பேசும்போதெல்லாம் மாமியார் ஒன்றையே சொல்வார்: அறுத்த உடம்பு, விரால் குழம்பு கொடுத்தால்தான் புண் ஆறும். மார்க்கெட்டில், மராத்தியில் மரள் என்று கேட்டால் விரால் கொடுப்பார்கள். வாங்கியிருக்கலாம். நானே பிடித்துக் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்தேன். வேறெதுவும் கொடுக்கத் தெரியாதவனுக்கு அது ஒரு வேலை.

பவனா அணையின் ஓரத்தில் பாசி மண்டிய இடங்களில் விரால் உண்டு. தூண்டிலில் ரப்பர் தவளையைக் கட்டிப் பாசிமேல் இழுத்தால் பாய்ந்து கவ்வும். கடையில் வாங்கிய தவளை தூரம் போகாது என்று அதன் வயிற்றில் இரண்டு ஈயக்குண்டுகளைச் செருகினேன். நீண்ட கால்களைப் பாதியாக நறுக்கினேன். முதுகோடு படிந்திருந்த தூண்டில் முட்களைக் கொஞ்சம் வெளியே வளைத்துவிட்டேன். மீன் மாட்டியது. ஆனால் நிற்கவில்லை. விராலின் வாய் முழுக்க எலும்பு. அது தலையை உதறிய உதறலில் முள் நிமிர்ந்து, மூன்று ஞாயிறுகளில் மூன்று மீன்கள் போயின.

முள் நிமிர்ந்தால் முள்ளை உறுதியாக்க வேண்டியதுதானே? பட்டறைக்காரன் புத்தி அப்படித்தான் போகும். அவள் டிக்கெட் எடுத்ததைச் சொன்ன வாரம், சனிக்கிழமை புது முட்களை உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அதோடு விடக் கூடாது. மறுபடி இளஞ்சூட்டில் வைத்து விறைப்பைத் தணிக்க வேண்டும். டெம்பர் செய்வது என்போம். அடுத்தவர் சாமானுக்கு ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. என் முள்ளுக்கு வேண்டாமென்று விட்டேன். கொஞ்சமும் இளகக் கூடாது என்று தோன்றியது.

மறுநாள் அவளும் வந்தாள். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்றாள். வலையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள். வெயில் ஏறியபோது தவளை இருந்த இடத்தில் தண்ணீர் வெடித்தது. தூண்டில் நரம்பு தொய்யாமல், கோலைத் தாழ்த்தி, மீன் துள்ள இடம் கொடுக்காமல் இழுத்து வந்தேன். நல்ல கனம். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி வலையை நீட்டினாள். மீன் ஒருமுறை தலையை உதறியது. முட்கள் கண்ணாடிபோல ஒடிந்தன.

கரையில் உட்கார்ந்து ஒடிந்த முள்ளை அவளிடம் காட்டி விளக்கினேன். எத்தனை சூடு, எந்த எண்ணெய், எங்கே தப்பு, அடுத்த தடவை என்ன செய்ய வேண்டும். நிறுத்தாமல் பேசினேன். அவள் நனைந்த புடவையைப் பிழிந்தபடி கடைசிவரை கேட்டாள்.

"ஒரு மீன் போனதுக்கு இவ்ளோ பேசறீங்க. நம்ம புள்ள போனதுக்கு ஒரு வார்த்த பேசல. நர்ஸ் தூக்கினு வந்தப்ப நீங்க செவுத்தப் பாத்துனு நின்னீங்க."

உண்மை. நான் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. முள்ளைக் கீழே போட்டேன். பிறகு கேட்டேன்.

"யாரு ஜாட?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நெத்தி உங்களுது" என்றாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை லீவு சொல்லாமல், ரிசர்வேஷனும் இல்லாமல், அவளோடு நானும் ரயில் ஏறினேன். அவள் பெர்த்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சோலாப்பூர் தாண்டும்வரை அவள் குழந்தையைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள்: முடி எவ்வளவு இருந்தது, விரல் எப்படி மூடியிருந்தது. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அடுத்தது, அடுத்தது என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.