சட்டையில் மடித்த அன்னம்

எனக்கு வாய் பெரிது. படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவன்; நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குப்பத்து டீம் ஃபுட்பால் ஆடினால் கோட்டுக்கு வெளியே முதல் ஆளாக நிற்பது நான்தான். எதிர் டீமைக் கலாய்ப்பதில் எனக்கு ஒரு பேர் உண்டு. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

போன வருஷம் கோடையில் செமி ஃபைனல். எதிரில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து டீம். அவர்களுடைய ஃபார்வர்டு ஒல்லியான ஆள், வயது முப்பதை நெருங்கும், ஆனால் காலில் அப்படியொரு வேகம். ஈ.சி.ஆரில் ஒரு ஹோட்டலில் ரூம் சுத்தம் செய்கிறவன் என்று எங்கள் ஆள் ஒருவன் என் காதில் போட்டான். ரூமுக்கு ஆள் வருவதற்கு முன்னால் கட்டில்மேல் டவலை அன்னப்பறவை மாதிரி மடித்து வைப்பார்களே, அந்த வேலை. எனக்குப் போதாதா?

"டேய் டவலு! இங்க வந்து ஒரு அன்னம் மடிடா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிக்கச் சிரிக்க எனக்கு ஏறியது. அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் கத்தினேன். என் பின்னாலேயே ஐம்பது பேர் கத்தினார்கள். அவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோல் போட்டான். நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தான். ஓடிக்கூட வரவில்லை. சட்டையைக் கழற்றினான். மண்டி போட்டு உட்கார்ந்து, புழுதியில் விரித்து, இரண்டு பக்கமும் சுருட்டி வளைத்தான். கழுத்து நிற்கவில்லை. உடனே அடிபடாமலிருக்கக் காலுறைக்குள் வைத்திருந்த ஷின் கார்டுத் தகட்டை உருவி உள்ளே செருகி நிறுத்தினான். அன்னம், சரியாக என் காலுக்கு முன்னால்! எழுந்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினான்.

சட்டையைக் கழற்றியதற்கு ரெஃப்ரி மஞ்சள் கார்டு காட்டினார். எங்களுக்கு அது போதவில்லை. தோற்ற வயிற்றெரிச்சல் வேறு. ஆட்டக்காரர் கூட்டத்தைச் சீண்டினால் ஒரு ஆட்டம் தடை என்று போட்டி நோட்டீஸிலேயே போட்டிருந்தது. அடுத்த ஆட்டம் ஃபைனல். புகார் எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. என் மனைவியும் ஏழு வருஷமாக வேறொரு ஹோட்டலில் அதே வேலைதான் செய்கிறாள். கத்தும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். நிஜமாகவே வரவில்லை. கையெழுத்துப் போடும்போது வந்தது. அப்போதும் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், பள்ளிக்கூடத்து வகுப்பறையில் விசாரணை. கமிட்டித் தலைவர் ரிட்டையர் ஆன பி.டி. மாஸ்டர். அவன் ஹோட்டல் யூனிஃபார்மோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தான்.

"ஏம்பா அப்படிப் பண்ண? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று மாஸ்டர் அவனைக் கேட்டார்.

"கூட்டம்னா கத்தும் சார், அத வுடுங்க. ஃபைனல் மட்டும் ஆட வுடுங்க சார். பத்து வருஷமா ஆடிக்கினு கீறேன், இதான் மொத ஃபைனல்."

எங்கள் ஆள் ஒருவன் எழுந்து, "அசிங்கமா சைகை காட்னான் சார். பொம்பளைங்கள்லாம் இருந்தாங்க" என்றான். சுத்தப் பொய்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீதான மொத கையெழுத்து? சைகை காட்னானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனைப் பார்க்கக் கூடாது என்று குனிந்தேன். அவன் கைதான் கண்ணில் பட்டது. கிளீனிங் ஆசிட் பட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்து உரிந்திருந்தது. தினமும் எனக்குச் சோறு போடுகிற கையும் அப்படித்தான் இருக்கும். சீ, என்ன மனுஷன்டா நீ என்று எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

"சைகை எதுவும் இல்ல சார். சட்டைய அன்னம் மாதிரி மடிச்சான்."

"அன்னமா? எதுக்கு?"

எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

"நான்தான் சார் மடிக்கச் சொன்னேன்" என்று ஆரம்பித்து, கத்தியதையெல்லாம் அப்படியே சொன்னேன்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ மடிக்கச் சொன்ன, அவன் மடிச்சான். இப்ப இன்னா உனுக்குப் பிரச்சனை?"

தடை இல்லை என்று முடிந்தது. எங்கள் ஆட்கள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த விதியே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஐம்பது பேர் கொதித்துப்போய் நின்ற இடம் அது. ஒருத்தன் கல்லை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆனால் கோட்டுக்கு உள்ளே நிற்கிறவனுக்குத்தான் விசில், கார்டு, நோட்டீஸ் எல்லாம். வெளியே நிற்கிறவன் வாயைக் கேட்க ஆளில்லை. அன்றைக்கு யாருக்காவது தடை போட்டிருக்க வேண்டுமென்றால் எனக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்:

"சட்டைத் துணி தொளதொளன்னு இருக்குமே. கழுத்து எப்படிய்யா நின்னுச்சு?"

"ஷின் கார்ட உள்ள சொருகிட்டான்."

"கெட்டிக்காரன்" என்றாள். "எனுக்குக் கழுத்து நிக்கிறதுக்கே ஒரு மாசம் ஆச்சு. சூப்பர்வைசர் கிட்ட எவ்ளோ பேச்சு வாங்கினேன், உனுக்கு இன்னா தெரியும்?" எனக்குத் தெரியாதுதான். ஏழு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

அப்புறம் சொன்னாள்: "ஞாயித்திக்கெழம லீவு போடறேன். ஃபைனலுக்கு என்னையும் இட்டுக்கினு போ. நான் அவன் பக்கம்தான் நிப்பேன். நீ எங்க வேணா நில்லு."

நானும் அந்தப் பக்கமே நின்றேன், அவளுக்கு ஒரு அடி பின்னால். ஆட்டம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது பாதியில் அவன் கோல் போட்டான். எங்கள் பக்கம் ஓடிவந்து, சந்தோஷத்தில் சட்டை நுனியைப் பிடித்துத் தூக்கப் போனான்.

மைதானத்துக்கே கேட்கிற மாதிரி என் மனைவி கத்தினாள்: "கழட்டாத தம்பி! கார்டு குடுத்துருவாங்க!"