மொட்டைத் தலையில் ஒரு மச்சம்

எண்பதுகளின் பிற்பகுதியில் என் மனைவி திருத்தணி மலைமேல் முடி காணிக்கை கொடுத்தாள். நாவிதர் பாதியில் கத்தியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க, பெரிய மச்சம். கத்தி படாம ஒதுக்கிகினு வரேன்."

உச்சிக்குச் சற்றுக் கீழே, துவரம்பருப்பு அளவில், கருப்பும் பழுப்புமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை, அவளுக்கே தெரியாது. எங்கள் தாலுகா அலுவலகத்தில் ஒருவர் பாதத்தில் வந்த கரும்புள்ளியை மச்சம் என்றே விட்டுவைத்து, புற்றுநோயில் இறந்துபோயிருந்தார். உள்ளூர் டாக்டரும் ஓரம் சீராக இல்லை என்று சொல்லி, மெட்ராஸில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டச் சொன்னார்.

ரயிலுக்குக் கிளம்பும்போது அவள் தலை முழுக்கப் புதிதாகச் சந்தனம் பூசிக்கொண்டாள். மச்சத்தின் மேல் இன்னும் தடிப்பாக, குளிர்ச்சிக்கென்று.

டாக்டர் பஞ்சால் துடைத்துவிட்டு, மச்சத்தின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

"மொட்டைத் தலைக்கு எண்ணெய் வைக்கவா மெட்ராஸுக்கு இட்டாந்தீங்க?" என்றாள் என்னிடம்.

எண்ணெய் விட்டால் தோலின் பளபளப்பு அடங்கி உள்ளே தெரியும் என்றார் டாக்டர். மெல்லிய கண்ணாடித் துண்டை அதன்மேல் அழுத்தி, நுண்ணோக்கியை இறக்கிப் பார்த்தார். உடனே நிமிர்ந்தார். "என்னம்மா இது, ஒரே பாறையா இருக்கு?"

"சந்தனம்ங்க."

"சரியாப்போச்சு. நல்லா கழுவிட்டு வாங்க."

கழுவி வந்தபின் மறுபடி பார்த்தார். இம்முறை நுண்ணோக்கியிலிருந்து வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அவள் கை என் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. கடைசியில், "நீங்களும் பாருங்க" என்று நகர்ந்தார்.

குனிந்தேன். நான் பயந்துகொண்டிருந்த கரும்புள்ளி அங்கே இல்லை. தேன்நிறத்தில் ஒரு வலை விரிந்து கிடந்தது. வலைக்கண்கள் ஏறக்குறைய ஒரே அளவு. ஓரத்தில் இழைகள் மெலிந்து மெலிந்து தோலோடு கரைந்தன. வெட்டாமல், ஒரு துளி ரத்தமில்லாமல், அவள் தோலுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தபோது மூச்சு விடவும் தயங்கினேன். அவள் மூச்சுக்கு அந்த வலை லேசாக அசைந்தது.

"கெட்டதா இருந்தா வலை தாறுமாறா இருக்கும். ஓரத்துல பட்டுன்னு அறுந்து நிக்கும்" என்றார் டாக்டர். "இது சாதுவான மச்சம். வெட்ட வேணாம். பெருசானாலோ நிறம் மாறினாலோ மட்டும் உடனே வரணும்."

"முடி வளந்துடுமேங்க. எப்பிடிப் பாக்கறது?"

"இவர் எதுக்கு இருக்கார்?"

"ஆங், இவரா? ஸ்கேல் வச்சே அளப்பாரு."

அளக்கத்தான் செய்தேன். முடி தோளைத் தொட்ட பிறகும் ஞாயிறுதோறும் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து வகிடு பிரித்துப் பார்ப்பேன். வெறும் கண்ணுக்குக் கரும்புள்ளி மட்டும்தான். ஆனாலும் அந்த இடத்தில் சீப்பு தானாகவே மெதுவாகிவிடும்.