மீட்பு நிலையத்து ஜன்னல்

என் இடுப்பின் சுற்றளவு எனக்கே தெரியாது. அதை மரக்காணம் உப்பளத்தில் ஒரு பழைய கட்டடம் ஊரறியச் சொல்லிவிட்டது.

வெள்ளைக்காரன் காலத்து மீட்பு நிலையம் அது. புயலில் கழுவெளி ஏரி பொங்கினால், பாத்திகளில் சிக்கியவர்களைப் படகில் போய்க் கொண்டுவரக் கட்டியது. இப்போது உள்ளே உப்பு வாரும் பலகைகள்தான் குடியிருக்கின்றன. இடிக்கலாமா என்று பார்க்க ஒரு இன்ஜினியர் வந்தார். கூடாது என்று சொல்ல, பழைய கட்டடப் பைத்தியமான நான் யாரும் கூப்பிடாமலே போனேன். சுண்ணாம்புச் சுவரின் பருமன், கடல்காற்றை வழுக்கிவிடும் வளைந்த மூலைகள் என்று அளந்துகொண்டே போனேன்.

"எல்லாம் சரிங்க. இது யாரையாவது காப்பாத்தியிருக்குதா?" என்றார் அவர்.

பதில் தெரியாத கேள்விக்குச் செய்முறை விளக்கம் தருவது என் வழக்கம். அந்தக் காலக் காவலாள் கடலைப் பார்த்த குறுகிய ஜன்னலில் நானும் எட்டிப் பார்த்தேன். தலை போனது, தோள் போனது. வயிறு பாதியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். பாத்தியில் இறங்குமுன் காலில் பூசும் எண்ணெயை என் இடுப்பில் ஊற்றினார்கள். "மூச்ச வுடுங்க சார், அடக்காதீங்க!" என்று அதட்டி, காலைப் பிடித்து உருவினார்கள். சட்டை மட்டும் ஜன்னலோடு தங்கிவிட்டது.

எண்ணெய்ப் புட்டியை மூடிக்கொண்டே ஒரு அம்மா இன்ஜினியரிடம் சொன்னார்: "இடிச்சிடாதீங்க சார். இப்பதான் மொத மொதல்ல ஒருத்தர மீட்டிருக்குது."