தொண்ணூத்தாறு

சத்தியமா நடந்தது. நம்பலைன்னா சிரிச்சுட்டுப் போங்க, என்னைப் பைத்தியம்னு மட்டும் சொல்லாதீங்க. இப்போ ராத்திரி 1:25. லைட்டை அணைக்கப் பயம். அதான் டைப் பண்ணிட்டிருக்கேன்.

போன மாசம் அம்மாவுக்கு நுரையீரலைப் பிடிக்கிற அந்த வைரஸ். அப்பாவுக்கு வெளியூர்ல வேலை. வீட்டுல நானும் அம்மாவும்தான். "லேசாதான் இருக்கு, வீட்டுலயே இருக்கட்டும்"னு டாக்டர் சொல்லிட்டார். அம்மா உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டாங்க. ஒட்டிக்கும்னு என்னை எட்டிப் பாக்கக்கூட விடல.

தினமும் மதியம் ரெண்டு மணிக்கு சுகாதார மையத்துலேர்ந்து ஒரு அக்கா ஃபோன் பண்ணுவாங்க. ஆக்சிஜன் எவ்வளவு? நாப்பது அடி நடந்தப்புறம் எவ்வளவு? நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? இதை வச்சுத்தான் யாருக்கு முத்தப்போகுதுன்னு முன்கூட்டியே கண்டுபிடிச்சு வண்டி அனுப்புவாங்களாம். விரல்ல மாட்டுற மெஷினைக் கதவுக்கு வெளிய ஸ்டூல்ல வைப்பேன். அம்மா எடுத்துப் பாத்துட்டு உள்ளேர்ந்து நம்பரைக் கத்துவாங்க. நான் அக்காகிட்ட ஒப்பிப்பேன்.

முதல் ரெண்டு நாளும் 96, நடந்தப்புறம் 94. மூணாவது நாள், 96. நடந்தப்புறமும் 96. "உங்கம்மா என்ன, ஓட்டப்பந்தயக்காரியா?"ன்னு அக்கா சிரிச்சாங்க. அன்னிக்கு வச்ச சாப்பாடு தொடாமலே இருந்துச்சு. வாய்க்கு ருசிக்கல போலன்னு விட்டுட்டேன்.

நாலாவது நாள். மணி 2:04.

"அம்மா, நம்பர்?"

"தொண்ணூத்தாறு."

"நடந்துட்டு சொல்லும்மா."

"தொண்ணூத்தாறு."

அக்கா சிரிக்கல. "ஏய் வாலு, அம்மா நடந்த சத்தமே வரலையே... ஃபோனைக் கதவுல ஒட்டி வை. மூச்சை நானே எண்ணுறேன்."

வச்சேன். ஒரு நிமிஷம்.

2:06.

"உள்ள அம்மாகூட யாரு?"

"யாரும் இல்லக்கா."

"ரெண்டு மூச்சு கேக்குது. ஒண்ணு நாய் இளைக்கிற மாதிரி... இன்னொண்ணு ரொம்ப மெதுவா. கதவுகிட்டயே."

அப்பதான் ஸ்டூலைப் பாத்தேன்.

மெஷின் அங்கேயே இருந்துச்சு. முந்தின நாள் காலையில துடைச்சு வச்ச பஞ்சு... அது மேலயே.

அப்போ...

எதைப் பாத்து...?

"தொண்ணூத்தாறு."

நான் கேக்கவே இல்ல.

கதவைத் தள்ளினேன்.

அம்மா தரையில, சுவரோரமா. உதடு நீலம். கண்ணு மட்டும் திறந்திருந்துச்சு.

வேற யாரும் இல்ல.

மெஷினை மாட்டினேன். 81.

வண்டி 2:31க்கு வந்துச்சு. "இன்னும் அரை மணி போயிருந்தா..."ன்னு ஆரம்பிச்ச டாக்டர், என் மூஞ்சியப் பாத்து நிறுத்திட்டார்.

அம்மா பிழைச்சுட்டாங்க. நேத்துதான் வீட்டுக்கு வந்தாங்க. தொண்டை இன்னும் சரியாகல, பேச்சு வரல. இன்னிக்கு ராத்திரி, "சாரிம்மா, நீ சொன்னதை அப்படியே நம்பிட்டேன்"னேன்.

அம்மா என்னையே பாத்தாங்க. அப்புறம் பேப்பரை இழுத்து எழுதினாங்க.

"ரெண்டாம் நாள் சாயங்காலமே எனக்குக் குரல் போச்சுடி. சொன்னது நான் இல்ல. அது கதவுகிட்ட உக்காந்திருந்துச்சு. மொதல்ல என் குரல் மாதிரியே இல்ல. ராத்திரி முழுக்க 'தொண்ணூத்தாறு, தொண்ணூத்தாறு'ன்னு சொல்லிப் பாத்து, சொல்லிப் பாத்து... விடியறதுக்குள்ள கத்துக்கிச்சு."